தூரமோ, சிவிலண்ணை?

மாறுவேடம் போட்டால் மட்டும் அடையாளம் தெரிகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருகோணமலையில், எங்கள் ஓர்ஸ் ஹில் பக்கத்தில் பொலிஸ் வேலை பார்த்தார். தாடி ஒட்டி, தலைப்பாகை கட்டி, கிழிந்த சேட் போட்டு அவர் வீதியில் இறங்கினால், பால்குடி மறவாத பிள்ளைகூடக் கையை நீட்டி, "அங்க, சிவிலண்ணை!" என்று காட்டும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சீருடை இல்லாமல் சாதாரண உடுப்பில் வருகிற பொலிஸ்காரரை எங்கள் ஊரில் 'சிவிலில வந்தவர்' என்பார்கள். இவர் எப்போதும் சிவிலிலேயே வந்ததால் சிவிலண்ணை ஆகிவிட்டார். எந்தப் பொலிஸ் நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் இந்த ஊரில்தான் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன், நாளைக்கும் கடை திறக்க வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். என் வயதுக்காரருக்கு அந்தச் சொல் சிரிக்கிற சொல் அல்ல. நான் பாவாடை சட்டை போட்ட சண்டைக் காலத்தில், "சிவிலில ஆக்கள் வந்து நிக்கினம்" என்று யாராவது மெதுவாகச் சொன்னால் ஒழுங்கை முழுக்கக் கதவு சாத்தும். யாரைக் கொண்டுபோக வந்தார்கள், எந்தப் பக்கத்துச் சிவில் என்றுகூடக் கேட்க மாட்டோம். அப்பா எழும்பிப் போய் ரேடியோவை நிற்பாட்டுவார். அந்த நேரம் அம்மா அடுப்பில் எதை வைத்திருந்தாலும் அது அடிப்பிடிக்கும். அப்படிப்பட்ட சொல்லுக்குப் பின்னால் 'அண்ணை' என்று ஒட்டி எங்களைக் கூப்பிட வைத்தாரே, அதற்கே அந்த மனிதருக்கு ஒரு மாலை போடலாம்.

சிவிலண்ணையின் மாறுவேடத்தில் பல குறைகள் இருந்தன. பிச்சைக்காரராக இருந்தாலும் காலில் பொலிஸ் சப்பாத்து பளபளக்கும். சொந்த மீசைக்கு மேலேயே ஒட்டு மீசையை ஒட்டுவார். மழை பெய்தால் இரண்டும் வெவ்வேறு பக்கம் போகும். வேர்க்கடலை விற்கிற கச்சான் வண்டில்காரராக நின்றபோது அவருடைய பொறுப்பதிகாரி ஓஐசியின் ஜீப் கடந்து போனது. சிவிலண்ணை விறைப்பாக நிமிர்ந்து, கச்சான் வறுக்கிற அகப்பையாலேயே சலூட் அடித்தார். கோயில் வாசலில் பிச்சைக்காரராக இருந்தபோது, கும்பிட வந்த சனம் தட்டில் காசு போடவில்லை. வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்து, "சேர், டியூட்டி எத்தினை மணி மட்டும்? சாப்பிட்டிட்டு இருங்கோ" என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

இவையெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை, அவருக்குப் பொய் வராது. அதிலும் 'தூரமோ?' என்று கேட்டவரிடம் வரவே வராது.

எங்கள் ஆட்கள் வெளிக்கிட்டுப் போகிறவரிடம் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் சரிவராது. அதனால் "தூரமோ?" என்பார்கள். போகிறவர் "ஓம், கொஞ்சம் தூரம்தான்" என்று மழுப்பிவிட்டுப் போவார். கேட்டவருக்கும் மரியாதை, போகிறவருக்கும் மரியாதை. ஆனால் சிவிலண்ணையின் தாயார், தூரமோ என்று கேட்டவருக்குப் பொய் சொன்னால் போன காரியம் பாழாய்ப் போகும் என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்துவிட்டாராம். பொலிஸ் இலாகா இவ்வளவு பயிற்சி கொடுத்தும் அதை அழிக்க முடியவில்லை.

உப்புவெளியில் ஒருவர் கள்ளமாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார் என்று தகவல் வந்தது. சிவிலண்ணை சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் வியாபாரியாக வெளிக்கிட்டார். சந்தி திரும்பவில்லை, யாரோ கேட்டார்கள், "என்ன அண்ணை, தூரமோ?"

"தூரமில்ல. உப்புவெளிக்குத்தான். ஒரு கசிப்புக் கேஸ்."

இவர் மிதித்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. காய்ச்சுகிறவர் பானையையும் குழாயையும் மணலுக்குள் தாட்டுவிட்டு, "வாங்கோ சேர், வெயிலுக்க வந்திருக்கிறீங்கள்" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். அடுத்த கிழமையும் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். ஒவ்வொரு முறையும் பானையைத் தாட்டுத் தோண்டி, தாட்டுத் தோண்டி அந்த மனிதருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஓஐசி சிவிலண்ணையைக் கூப்பிட்டு, "எத்தினை பேரைப் பிடிச்சனீர்?" என்று கேட்டார்.

"ஒருத்தரையும் பிடிக்கேல்ல சேர்."

"கசிப்பு?"

"இல்ல சேர். அவர் இப்ப மனுசியோட சேர்ந்து இடியப்பம் விக்கிறார். சம்பலும் நல்லாயிருக்கு."

பிறகு ஒருமுறை கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய்வந்தார். குற்றம் நடந்த பிறகு ஓடிப் பிடிப்பது பழைய முறையாம். நடக்க முன்னமே தடுப்பதுதான் புதுமுறையாம். கூடப் போனவர்களுக்கு அந்தப் பயிற்சியில் மத்தியானச் சாப்பாடு மட்டும்தான் நினைவில் நின்றது. சிவிலண்ணை முழுவதையும் நம்பிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் நடக்காத குற்றத்துக்கு யாரைப் பிடிப்பது? யோசித்து யோசித்துத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் ஏதோ செய்யப்போகிறார் என்று மணம் பிடித்தால், அவர் வீட்டுக்கே போய், செய்யாமல் இருப்பதற்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவது.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து வளவின் எல்லையை அரை அடி தள்ளிப் போடும் எண்ணத்தில் வேலிக்கு, நட்டால் துளிர்க்கிற கதியால் தடி வெட்டி அடுக்கி வைத்திருந்தார். ஒரு காலையில் சிவிலண்ணை லொத்தர் டிக்கெட் விற்கிறவர் வேசத்தில் அவர் படலையைத் திறந்தார்.

"ஐயா, நீங்கள் வேலியைத் தள்ளிப் போடேல்ல. அதுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போக வந்தனான்."

கிளாக்கருக்கு முகம் கறுத்தது. "நான் இன்னும் போடவேயில்லையே!"

"ஓம் ஐயா. அதுக்குத்தான் நன்றி."

கிளாக்கரின் மனைவி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நன்றியும் வாங்கி, தேத்தண்ணியும் கொடுத்த பிறகு வேலியைத் தள்ள எந்த மனுசனுக்கு மனம் வரும்? கதியால் எல்லாம் அவருடைய சொந்தப் பின்வளவில் துளிர்த்து நிற்கிறது, இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் வீட்டுக்குள்ளேயே பிரச்சினை வந்தது.

என் மகள் மதுரா அப்போது பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். சோதினைக்குக் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். என் கடைக்கு முன்னாலேயே ரியூசன் வகுப்பு. பின்னேரம் வகுப்பு விட்டதும் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் ஊருவான். நம்பர் பிளேட்டில் சேறு பூசியிருப்பான். முதலில் விசில், பிறகு பாட்டு. பிறகு ஒருநாள் மதுராவின் பையைப் பிடித்து இழுத்தான். பிள்ளை விழுந்து முழங்கால் உரிந்து வந்தாள். நான் ஓடிப் போவதற்குள் அவன் மூலை திரும்பிவிட்டான்.

என் மனுசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலுக்குள் கத்திப் பழகியதால் வீட்டிலும் அவர் குரல் இறங்காது. "வெள்ளிக்கிழமையோட கிளாஸ் காணும், நிப்பாட்டு! எனக்குப் படிப்பு வேண்டாம், பிள்ளை வேணும்!" என்றார். அவர் சொன்னதில் பயம்தான் இருந்தது, கோபம் இல்லை. ஆனால் மதுராவுக்கு அந்த வகுப்பை விட்டால் சோதினையை விட்டமாதிரி. அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டுப் பொலிசுக்குப் போனேன்.

போன நேரம் சரியில்லை. பெரிய இடத்தில் யாரோ எல்லாருடைய லீவையும் நிற்பாட்டி வைத்திருந்தார்களாம். அங்கே இருந்த ஒரு கொஸ்தாப்பலுக்குப் பிள்ளை பிறந்து, இன்னும் முகம் பார்க்கவில்லை. பொலிஸ்காரர் வேலைநிறுத்தம் செய்ய ஏலாது. அதனால் எல்லாரும் சேர்ந்து வேலையை மெதுவாக்கியிருந்தார்கள். முறைப்பாடு எழுதுகிறவர் என் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டு, தலையைச் சரித்து அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கெதியா எழுதும். ஜீப்பை ஒருக்கா அந்தப் பக்கம் அனுப்ப ஏலாதோ?"

"ஜீப் போறதெண்டா டயருக்குக் காத்துப் பாக்கவேணும் அக்கா. காத்துப் பாக்கிற சாமான் ஸ்டோரில. ஸ்டோர்க்காரர் அலுமாரியைத் திறக்கிறதுக்குக் கையெழுத்து வேணும். கையெழுத்து வைக்கிறவர் தேத்தண்ணிக்குப் போயிட்டார்."

"எப்ப வருவார்?"

"அவரும் மெதுவாத்தான் குடிப்பார்." பிறகு அவரே சங்கடப்பட்டு, "நாங்கள் வேலை செய்யாம இல்ல அக்கா. சட்டத்தில எழுதியிருக்கிற மாதிரியே செய்யிறம். அப்பிடிச் செய்தா ஒண்டும் நடக்குதில்ல" என்றார்.

மூலையில் சிவிலண்ணை சீருடை போட்டு, தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டு இருந்தார். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளிக்கிழமையோடு பிள்ளையின் படிப்பு நிற்கப்போகிறது என்றும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அக்கா, என்னால இப்ப வேலை செய்ய ஏலாது. ஸ்டேசன் பொடியங்களுக்கு வாக்குக் குடுத்திட்டன். தாடி மீசையெல்லாம் அலுமாரிக்க வைச்சுப் பூட்டியாச்சு."

"அப்ப என்ட பிள்ளை?"

அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்தார். வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஊரெல்லாம் நன்றி சொல்லித் திரிஞ்ச மனுசன், எனக்கெண்டு வரேக்க மட்டும் தாடியைப் பூட்டி வைச்சிட்டார் என்று என் மனுசனிடமும் சொல்லி ஆற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வகுப்பு விடுகிற நேரத்துக்கு முன்னமே வாசலில் வந்து நின்றேன். ஒழுங்கை மூலை மதகில் ஒரு மொட்டைத்தலை மனிதர் இருந்தார். பழைய சாரம், பெனியன், மூக்குக் கண்ணாடி, ரப்பர் செருப்பு. கச்சான் உடைத்து உடைத்துச் சாப்பிட்டபடி வகுப்பு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் காணாதென்று இது வேறயொரு சனியனோ? கடையில் கடதாசி அளக்கிற நீட்டு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். ஆனால் பழக்கம் விடுமா? வயதில் மூத்த ஆளைக் கண்டதும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"என்ன ஐயா, தூரமோ?"

"தூரமில்ல அக்கா. இந்த மதகடி மட்டும்தான். உங்கட மகளுக்குப் பின்னால வாற பொடியனைப் பாக்க வந்தனான்."

அடிமட்டம் கையிலிருந்து விழுந்தது. "சிவிலண்ணை! இதென்ன மொட்டை?"

"இது என்ட சொந்தத் தலை அக்கா. சத்தம் போடாதேங்கோ."

"பொடியங்களுக்குக் குடுத்த வாக்கு?"

"வேலை செய்யமாட்டன் எண்டுதான் சொன்னனான். மதகில இருக்கமாட்டன் எண்டு சொல்லேல்ல."

இவ்வளவு காலமும் அவர் தலையைத் தொப்பியோ தலைப்பாகையோ இல்லாமல் ஊரில் யாரும் கண்டதில்லை. அன்றைக்குத்தான் அந்த மனிதர் உண்மையாகவே சிவிலில் வந்திருந்தார். நான் கடைக்குள் போய் மெசினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மதகில் கதைப்பது அங்கே தெளிவாகக் கேட்கும்.

மோட்டார் சைக்கிள் வந்தது. பொடியன் மதகடியில் நிற்பாட்டி, "ஐயா, கிளாஸ் விட்டிட்டுதோ?" என்றான்.

"இன்னும் இல்லத் தம்பி. இரும். கச்சான் சாப்பிடும்."

அவனும் இருந்து கையை நீட்டினான். பிறகு எங்கள் ஆட்கள் ஒரு புதுமுகத்திடம் கேட்கிற கேள்விகளைத்தான் சிவிலண்ணை கேட்டார். எந்த இடம், ஆருடைய மகன், தகப்பன் என்ன செய்கிறார். பொடியன் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னான். தகப்பன் வெளிநாட்டில், தாய் வீட்டில் தைக்கிறா, ஒரு தங்கச்சி ஓ.எல். படிக்கிறா.

"தங்கச்சியைக் கிளாசுக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"நான்தான் ஐயா. தனிய விட ஏலாது. ரோட்டு முழுக்கக் காவாலியள்."

சிவிலண்ணை ஒரு கச்சானை நெடுநேரம் உடைத்தார். "ஓம் தம்பி. காவாலியள்தான்" என்றார். பிறகு எழும்பிச் சாரத்தில் இருந்த கோதைத் தட்டினார்.

பொடியன் நல்ல வளர்ப்பு. பெரியவர் எழும்பியதும் மரியாதையாகக் கேட்டான், "என்ன ஐயா, வெளிக்கிட்டாச்சோ? தூரமோ?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தூரமில்லத் தம்பி. உம்மட வீட்டதான்."

"எங்கட வீட்டயோ? என்னத்துக்கு?"

"அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லவேணும். நாளையில இருந்து நீர் இந்த ஒழுங்கைக்கு வரமாட்டீர்தானே, அதுக்கு. நான் பொலிஸ். சிவிலண்ணை எண்டு சொல்லுவினம்."

பொடியன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "சிவிலண்ணையோ? அவருக்குத் தாடியெல்லோ!"

"அதை அலுமாரிக்க வைச்சுப் பூட்டியிருக்கு. முதல் அந்த நம்பரைக் கழுவும்."

நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கழுவினான். சிவிலண்ணை பின் சீட்டில் ஏறப் போனவர் இறங்கி வந்து, "அக்கா, ஒரு ஹெல்மெட் இருக்கோ? சட்டம் சட்டம்தானே" என்றார். கடையில் கிடந்த என் மனுசனுடைய ஹெல்மெட்டைக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து வகுப்பு விட்டது. பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்று பார்க்க, தங்களைத் துரத்தித் திரிந்த மோட்டார் சைக்கிள் ஒரு சாரம் கட்டின ஐயாவை ஏற்றிக்கொண்டு நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போனது.

"இன்னும் மெதுவாப் போம் தம்பி" என்று சிவிலண்ணை சொல்வது கேட்டது. "நாங்கள் இப்ப எல்லாம் மெதுவாத்தான்."

மதுரா சிரித்தாள். முழங்கால் உரிந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்ததைக் கண்டேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்த வீட்டில் நடந்ததைப் பிறகு அந்தத் தாயே எனக்குச் சொன்னா. சிவிலண்ணை முற்றத்தில் நின்றபடியே நன்றி சொன்னாராம். தாய்க்கு விளங்கிவிட்டது. கதவு நிலையில் நின்ற தங்கச்சிக்கும் விளங்கிவிட்டது. பொடியனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

வெள்ளிக்கிழமையோடு நிற்க இருந்த வகுப்பு நிற்கவில்லை. என் மனுசன் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அது சரி, என்ட ஹெல்மெட் எங்க?" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

கொஞ்ச நாளில் லீவும் கிடைத்தது. கொஸ்தாப்பல் போய்ப் பிள்ளையின் முகம் பார்த்து வந்தார், ஜீப் டயருக்கும் காற்று வந்தது. சிவிலண்ணை ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தந்தார். முகத்தில் தாடி திரும்பியிருந்தது.

"அக்கா, அண்டைக்கு நான் செய்தது நன்றி. சட்டம் வேற. பிள்ளையள் முறைப்பாடு குடுக்க விரும்பினா வரச் சொல்லுங்கோ. நான் பக்கத்தில இருந்து எழுதுவிப்பன்."

மதுராவும் கூட்டாளிகளும் போய்க் கொடுத்தார்கள். பொடியன் தாயோடு வந்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். பிறகு வகுப்பு முடிகிறவரை பின்னேரங்களில் ஒரு கச்சான் வண்டில் ஒழுங்கை மூலையில் நின்றது. கச்சான்காரரின் சப்பாத்து பளபளத்தது. பிள்ளைகள் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மதுரா இப்போது வெளியூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன கிழமை போன் எடுத்தாள். அவர்களுடைய விடுதியில் ஒரு பிள்ளையின் போன் களவு போய், சிவிலில் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்களாம்.

"ரூமில எல்லாப் பிள்ளையளும் பயந்திட்டினம் அம்மா. எனக்கெண்டா சிரிப்பு வந்திட்டுது. சிவில் எண்ட உடன எனக்குக் கச்சான் மணம்தான் வந்தது."

எனக்கு ரேடியோவை நிற்பாட்டுகிற அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது. அவருடைய பேத்தி அதே சொல்லுக்குச் சிரிக்கிறாள். அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்க எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்.

போனை வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். சிவிலண்ணை ஓய்வுபெற்று, சாம்பல்தீவில், தன் சொந்தத் தலையோடு இருக்கிறார். இவ்வளவு காலத்தில் நான் அவருக்கு வாயைத் திறந்து ஒரு நன்றி சொன்னதில்லை. ஒழுங்கையில் அந்தக் கிளாக்கர் ஐயா படலையடியில் நின்றார்.

"என்ன பிள்ளை, தூரமோ?"

மழுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை.

"தூரமில்ல ஐயா. சாம்பல்தீவுக்குத்தான். சிவிலண்ணைக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வரப் போறன்."

அவர் ஒருமுறை திரும்பி, தன் வேலியைப் பார்த்தார்.

"நில்லும் பிள்ளை" என்றார். "செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் வாறன்."